முதல் கேள்விக்குப் பதில் இல்லை

1

போன வாரம் புனே பக்கத்துச் சாகணிலிருந்து நஞ்சன் போன் செய்தான். கோத்தகிரிப் பக்கத்துப் பையன். கார் செய்யும் தொழிற்சாலையில் வேலை. "மாமா, வர்ற ஞாயித்துக்கிழமை என் வீட்டுக்காரிக்குக் கன்னி கட்டுறோம். நீங்கதான் முன்னால உக்காந்து எதுக்கப்புறம் எதுன்னு எடுத்துச் சொல்லணும்" என்றான்.

நான் "ம்" என்றேன். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். திறந்ததும் வந்தது அந்த "ம்" மட்டும்தான். அவன் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லி, போனை வைத்துவிட்டான். என் வாழ்க்கையில் பாதி முடிவுகள் இப்படி நடந்தவை.

புனேக்கு வந்து பதினேழு வருடங்களுக்கு மேல் ஆகிறது. எனக்கு முன்னால் இங்கே வந்த எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்று மலைக்குத் திரும்பிவிட்டார்கள். மிச்சமிருப்பதில் தலை நரைத்தவன் நான். அதனால் பெரியவன் ஆகிவிட்டேன். வேறு தகுதி எதுவும் கிடையாது. பத்தாம் வகுப்புவரை படித்தேன். நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் இருமல் வரும்.

நீலகிரி சின்ன மாவட்டம். மூன்று மாநிலங்கள் முட்டிக்கொள்ளும் மூலையில் இருக்கிறது. சந்தைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினால் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படுகர் என்று ஆளுக்கொரு பேச்சு காதில் விழும். நடத்துனர் எல்லாவற்றிலும் சில்லறை கேட்பார். எங்கள் வீட்டில் சாவு விழுந்தால் கோத்தர்கள் வந்து வாசிப்பார்கள். தோடர் வீட்டு நெய் எங்கள் ஹட்டிக்கு வரும், எங்கள் தானியம் அங்கே போகும். ஹட்டி என்றால் எங்கள் ஊர். நாங்கள் படுகர். வீட்டில் பேசுவது படுகு. அதற்கு எழுத்து இல்லாததால் உங்களுக்குத் தமிழில் எழுதுகிறேன்.

இந்த வித்தியாசமெல்லாம் மேட்டுப்பாளையத்தோடு சரி. புனே ஸ்டேஷனில் இறங்கிய நிமிடம் நாங்கள் எல்லோரும் மதராசி.

2

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கட்கியில் உள்ள ராணுவத் தளவாடத் தொழிற்சாலைக்கு எனக்கு மாற்றல் வந்தது. மனைவி மாதியும் மகள் ரேவதியும் கூட வந்தார்கள். ரேவதிக்கு அப்போது பதின்மூன்று வயது.

என் பெயர் போஜன். எங்கள் பக்கம் வீட்டுக்கொரு போஜன் இருப்பான். இங்கே அதற்குச் சாப்பாடு என்று அர்த்தம். முதல் நாள் கேன்டீனுக்குள் நுழைந்தபோது மேஸ்திரி, "போஜன் ஆ கயா!", சாப்பாடு வந்தாச்சு, என்று கத்தினார். நாற்பது பேர் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார்கள். இன்றுவரை அந்த ஹாஸ்யம் பழசாகவில்லை. நானும் இன்றுவரை சிரிக்கிறேன். சிரித்துவிட்டால் பதில் பேச வேண்டியதில்லை.

ரேவதி ஒரே வருடத்தில் மராத்தி பிடித்துக்கொண்டாள். காய்கறிக்காரியிடம் மாதிக்கு அவள்தான் வாய். பிறகு படுகில் ஆரம்பித்து, இந்தியில் வளைந்து, மராத்தியில் முடிக்கும் ஒரு பேச்சு அவளுக்கு வந்தது. "அப்பா, மீ சொன்னேன் நா, எனக்கு உஷீர் ஆகும்" என்பாள். லேட்டாகும் என்று அர்த்தம். நாளாக ஆக அவள் பேச்சில் படுகு, சாம்பாரில் பெருங்காயம் மாதிரி வாசனைக்கு மட்டும் நின்றது. கல்லூரி முடித்து, மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனாள். ஒரு சனிக்கிழமை முடியைக் காதுவரை வெட்டிக்கொண்டு வந்தாள். மாதி இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "காத்தாவது நல்லா வருதா?" என்று கேட்டாள்.

அடுத்து ஒரு சனிக்கிழமை மிலிந்தைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

மிலிந்த் புனேயில் கோந்த்வாவைச் சேர்ந்த மராத்திக்காரன். நல்ல பையன், அதிகம் பேசுவான். அவன் பேசினால் நான் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. வந்தவன் என் காலைத் தொடக் குனிந்தான். இங்கே அது மரியாதை. எங்களிடம் சின்னவர்கள் தலையைக் குனிந்து நிற்பார்கள், பெரியவர்கள் அந்தத் தலையில் கை வைத்து ஆசி சொல்வார்கள். யாராவது என் முன் குனிந்தால் கை தானாக நீளும். நான் அவன் தலையைத் தேடிக் கையை நீட்டிக் குனிய, அவன் என் காலைத் தொட்டுவிட்டு நிமிர, இரண்டு மண்டையும் மோதிக்கொண்டன. அவன் நெற்றி வீங்கியது. மாதி ஐஸ் கொண்டுவந்தாள். சம்பந்தம் அன்றே பேசி முடிந்தது மாதிரிதான்.

ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம். நானும் மாதியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம்.

3

ஹட்டியில் அது எளிதாக முடியவில்லை.

என் அண்ணன் பெள்ளி எங்கள் ஹட்டியின் கவுடர். ஊர்க்காரியம் எதுவென்றாலும் அவர் வார்த்தைதான். கொஞ்சம் தேயிலை, இரண்டு மாடு, ஒரு வெள்ளைச் சால்வை. அந்தச் சால்வை இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. எனக்குத் திக்காமல் பேச வரும் ஒரே மனிதரும் அவர்தான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்னைக் கேள்வி கேட்டால், இரண்டு வகுப்புத் தள்ளி இருந்து ஓடிவந்து, "சார், அவனுக்குத் தொண்டை கட்டியிருக்கு" என்று சொல்வார். வருடம் முழுவதும் எனக்குத் தொண்டை கட்டியிருந்தது.

எங்கள் ஜனத்துக்கு வெளியே கல்யாணம் செய்வது எங்களிடம் பெரிய விஷயம். கல்யாணமான மூன்றாம் மாதம் ரேவதி மிலிந்தோடு ஹட்டிக்குப் போனாள். குழந்தையிலிருந்து ஒவ்வொரு பண்டிகைக்கும் அவள் முதலில் ஓடிப்போய்த் தலை குனிவது பெரியப்பாவிடம்தான். அன்றும் குனிந்தாள். அண்ணன் கையைச் சால்வைக்குள்ளிருந்து எடுக்கவில்லை.

"தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாராம்.

ரேவதி குனிந்தபடியே கொஞ்ச நேரம் நின்றாளாம். மிலிந்துக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. மேட்டுப்பாளையம் வரும்வரை அவள் பஸ் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்ததாக அவன்தான் என்னிடம் சொன்னான். எங்களிடம் சொல்லும்போது ரேவதி, "கொண்டை ஊசி வளைவு, வாந்தி வந்துச்சு" என்றாள்.

இரண்டு வருடம் கழித்து அவள் வயிற்றில் பிள்ளை. ஐந்தாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, அடுப்படியில் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, எதையோ கேட்கிற மாதிரி கேட்டாள்.

"எனக்குக் கன்னி கட்டுவீங்களா?"

மாதி கரண்டியைக் கீழே வைத்தாள். "உனக்கு அதெல்லாம் வேணுமா?"

"வேணும். பெரியப்பாவும் வரணும். அவர் ஒரே ஒரு தடவை என் தலையைத் தொட்டாப் போதும். பிள்ளை பொறக்கறதுக்கு முன்னாடி. வேற எதுவும் எனக்கு வேண்டாம்."

படுகிலேயே சொன்னாள். ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒரு மராத்தி வார்த்தைகூட விழவில்லை. மனதில் சொல்லிப் பார்த்துவிட்டு வந்திருக்க வேண்டும்.

மாதி அன்றே கட்கி பஜார் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அண்ணனைக் கூப்பிட்டாள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் பேசிவிட்டு வந்தாள்.

"வர்றாராம். பாக்கத்தான் வர்றாராம். ‘பாக்க மட்டும்தான்’னு மூணு தடவை சொன்னார்."

4

கன்னி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பழைய முறையில் கல்யாணத்தன்று தாலி கிடையாது. பெண் மாப்பிள்ளையின் ஹட்டிக்கு வருவாள், ஓடையில் தண்ணீர் எடுத்து வருவாள், பெரியவர்கள் முன் தலை குனிவாள், சாப்பாடு. அவ்வளவுதான். முதல் பிள்ளை ஏழு மாதமாகும்போதுதான் புருஷன் அவள் கழுத்தில் நூல் போடுவான். அதுதான் கன்னி. கல்யாணம் அன்றைக்குத்தான் முழுசாகிறது. இப்போது பலர் கல்யாணத்தன்றே தாலியும் கட்டிவிடுகிறார்கள். ஆனால் கன்னியை விடுவதில்லை.

இதை எங்கள் குவார்ட்டர்ஸ் கூடத்தை வாடகைக்குக் கேட்கப் போன ஆபீசில் ஒரு கிளார்க்குக்கு விளக்க வேண்டியிருந்தது.

"என்ன விசேஷம்?" என்று இந்தியில் கேட்டார். பெயர் வைப்பது, பிறந்தநாள், பூஜை, கல்யாணம் என்று அவரே வரிசையாகச் சொன்னார். இதற்குள் எது பக்கத்தில் வரும் என்று யோசித்தேன்.

"ஷாதி" என்றேன்.

"யாருக்கு?"

"என் பொண்ணுக்கு."

"அட, வாழ்த்துகள்! ஏப்ரல்ல ஏன் வைக்கிறீங்க, வெயில் கொளுத்துமே. மே கடைசியில வெச்சுக்கங்க, ஒரு மழையாவது விழும்."

"முடியாது. எட்டாம் மாசம் வந்துரும்."

"மே அஞ்சாம் மாசம்தானே?"

"பொண்ணுக்கு" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து என் தோளில் கை வைத்து, குரலைத் தாழ்த்தி, "போஜன் சாப், பையன் ஒத்துக்கிட்டானா?" என்று கேட்டார்.

ஒத்துக்கொண்டான், இரண்டு வருடமாக ஒன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். டீ வரவழைத்துக் கொடுத்தார். இந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான், தைரியமாக இருக்க வேண்டும் என்றார். மறுத்து விளக்க வேண்டுமானால் ஓடையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். என் இந்திக்கு அது ஆகாது. டீயைக் குடித்துவிட்டு, ரசீதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சாயங்காலத்துக்குள் குவார்ட்டர்ஸ் முழுவதும் செய்தி போய்விட்டது. மாவு மில்லில் இரண்டு பெண்கள் மாதியின் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் சரியாகிவிடும் என்று ஆறுதல் சொன்னார்களாம். அரைத்த மாவை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள்.

"என்ன சொன்னீங்க அந்த ஆள்கிட்ட?"

"இருக்கறதைத்தான் சொன்னேன்."

"இனிமே நீங்க வாயைத் திறக்காதீங்க" என்றாள். பிறகு நினைவு வந்து, "அன்னைக்கு மட்டும் திறக்கணும்" என்றாள்.

அதுதான் என் கவலையும். கன்னியில் பெண்ணின் அப்பாவுக்கு ஒரே ஒரு வேலை. மாப்பிள்ளை நூலைக் கையில் வைத்துக்கொண்டு, "மாமா, உங்கள் மகளுக்குக் கன்னி போடட்டுமா?" என்று மூன்று முறை கேட்பான். மூன்று முறையும் "கட்டு" என்று சொல்ல வேண்டும். எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். அப்பா சொல்லாமல் நூல் ஏறாது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, "கட்டு, கட்டு, கட்டு" என்று பழகினேன். அங்கே நன்றாகத்தான் வந்தது.

5

மிலிந்தின் அம்மாவும் ஏழாம் மாதத்துக்கு ஒரு திட்டம் வைத்திருந்தார். அவர்களிடம் அது டோஹாளே ஜேவண். மசக்கைக்காரிக்கு ஆசைப்பட்டதையெல்லாம் சமைத்துப் போடும் விருந்து. பச்சைப் புடவை கட்டி, பூவால் நகை செய்து போட்டு, ஊஞ்சலில் உட்காரவைத்துப் பாடுவார்கள். மூடிய இரண்டு கிண்ணங்களில் ஒன்றைத் திறக்கச் சொல்வார்கள். பேடா இருந்தால் ஆண், பர்ஃபி இருந்தால் பெண்.

"பச்சை வேண்டாம், நாங்க வெள்ளை கட்டுவோம்" என்று மாதி சொன்னதும் அந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

"பாண்டரா? கர்ப்பிணிக்கா? வெள்ளையா?"

எங்களுக்கு எல்லா நல்லதும் வெள்ளையில்தான். ஹெத்தையம்மன் பண்டிகைக்கு மலை முழுவதும் வெள்ளையாக இறங்கி வரும். பிறப்புக்கும் வெள்ளை, கல்யாணத்துக்கும் வெள்ளை. அவர்களுக்கு வெள்ளை என்றால் வேறு. இரண்டு அம்மாக்களும் ஆளுக்கு ஒரு முறை அழுதார்கள். ஒருவர் பேச்சு ஒருவருக்குப் பாதிதான் புரியும் என்பதால் சண்டை பெரிதாகப் போகவில்லை. கடைசியில் ரேவதியே தீர்ப்புச் சொன்னாள். காலையில் வெள்ளை, சாயங்காலம் பச்சை, வளையல் நாள் முழுவதும் பச்சை. "நான் என்ன ட்ராஃபிக் சிக்னலா?" என்று மட்டும் முணுமுணுத்தாள்.

அடுத்த பிரச்சினை முடி. கன்னியில் ஒரு விளையாட்டு உண்டு. பெண்ணுக்குச் சவுரி வைத்துப் பெரிய கொண்டையாகப் போட்டுவிடுவார்கள். மாப்பிள்ளை நூலை வளையமாகப் பிடித்து, கொண்டையில் சிக்காமல் கழுத்தில் போட வேண்டும். சிக்கினால் மூன்று ரூபாய் அபராதம். கூட்டம் முழுவதும் அது சிக்க வேண்டும் என்றுதான் காத்திருக்கும். ரேவதிக்கோ கொண்டை போடப் பிடி முடிகூட இல்லை. மாதி சவுரிமுடியைத் தேங்காய் அளவுக்கு உருட்டி, இருந்த முடியில் ஊசிகளால் குத்தி நிறுத்திப் பார்த்தாள். தலையை ஆட்டாமல் இருந்தால் நின்றது.

மிலிந்த் தலையணைமேல் ஒரு தேங்காயை வைத்துத் தினமும் பழகினான். "மாமா, நான் காலேஜ்ல விக்கெட் கீப்பர். கை தப்பாது" என்றான். கேள்வியையும் படுகில் மனப்பாடம் செய்தான். அவன் கேட்க, எதிரில் நான் உட்கார்ந்து, தலையை ஆட்டிப் பழகினேன். "சத்தம் வரணும் மாமா" என்பான். "அன்னைக்கு வரும்" என்பேன்.

6

அண்ணன் கன்னியன்று காலைதான் புனே ஸ்டேஷனில் இறங்கினார். ஏப்ரல் வெயில். ஸ்டேஷனே அடுப்பு மாதிரி இருந்தது. அவர் அந்தச் சால்வையைக் கழுத்துவரை போர்த்தியிருந்தார். மிலிந்த் ஓடிப்போய், இந்த முறை சரியாக, காலைத் தேடாமல், தலையைக் குனிந்து நின்றான். அண்ணன் அவனைத் தாண்டி என்னைப் பார்த்தார்.

"என்னடா, எல்லா வீடும் ஒண்ணுமேல ஒண்ணா நிக்குது? மனுஷனுக்குத் தரை கிடையாதா இங்க?"

சிக்ஸ் சீட்டர் ஆட்டோவில் எங்களோடு நெருக்கிக்கொண்டு வந்தார். நெற்றியிலிருந்து வியர்வை ஓடியது. கை வெளியே வரவில்லை. வீட்டில் தண்ணீர் மட்டும் குடித்தார். மாதி துப்பதிட்டு சுட்டு வைத்திருந்தாள். மைதாவை இனிப்பாகப் பிசைந்து எண்ணெயில் பொரிப்பது, அண்ணனுக்கு உயிர். "ரயில்ல சாப்பிட்டேன்" என்றார். ரேவதி உள்ளறையில் இருந்து அதைக் கேட்டாள்.

கூடத்தில் நாங்கள் நினைத்ததைவிட அதிகக் கூட்டம். தேஹு ரோடு, தாபோடி, கடக்வாஸ்லாவிலிருந்தெல்லாம் எங்கள் ஆட்கள் வந்திருந்தார்கள். மிலிந்தின் பக்கத்தில் பெண்கள் பளபளவென்று. கிளார்க்கும் ஒரு கவரோடு வந்து, மிலிந்தின் கையைப் பிடித்து வெகுநேரம் குலுக்கினார். "ஷாபாஷ், ஓடிப்போகாம வந்தியே" என்றாராம். மிலிந்துக்கு அது நூல் போடுவதைப் பற்றிய உற்சாகம் என்று தோன்றியிருக்கிறது.

தரையில் கம்பளி விரித்து இருவரையும் உட்காரவைத்தோம். வெள்ளைத் துணியில், பச்சை வளையலில், தேங்காய்க் கொண்டையோடு ரேவதி தலையை அசைக்காமல் இருந்தாள். அண்ணன் கூட்டத்தோடு உட்காரவில்லை. வாசலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மிலிந்த் எழுந்தான். மாதி திரித்த நூல் அவன் விரல்களில். என்னைப் பார்த்து, தப்பில்லாத படுகில், சத்தமாகக் கேட்டான். "மாமா, உங்கள் மகளுக்குக் கன்னி போடட்டுமா?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

வரவில்லை. வாய் திறந்திருந்தது. தொண்டையில் அந்தச் சொல் இருந்தது, எனக்குத் தெரிந்தது, ஆனால் மேலே ஏறவில்லை. ரேவதி தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் உயர்த்தி என்னைப் பார்த்தாள். மிலிந்தின் அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், "கா? நாஹீ ம்ஹணதாத் கா?" என்றார். ஏன், வேண்டாம் என்கிறாரா என்று. தாபோடிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாதி என் முதுகில் விரலால் குத்தினாள். இருமல்தான் வந்தது.

அப்போது வாசலோரம் நாற்காலி தரையில் உரசியது.

"என்ன எல்லாரும் அவன் வாயையே பாக்கறீங்க?" அண்ணன் எழுந்து உள்ளே வந்துகொண்டிருந்தார். "முறை தெரியாதா உங்களுக்கு? மொதத் தடவை கேட்டா பெண்ணோட அப்பன் பதில் சொல்லக் கூடாது. கேட்டவுடனே தூக்கிக் குடுக்கறதுக்குப் பொண்ணு என்ன முட்டைக்கோசா? எங்க அப்பா காலத்துல அப்படித்தான். இப்ப மலையிலயே மறந்துட்டாங்க. என் தம்பி மறக்கல."

தேஹு ரோட்டுப் பெரியவர் ஒருவர், "ஆமா, ஆமா, கேள்விப்பட்டிருக்கேன்" என்று தலையாட்டினார்.

அண்ணன் என் பக்கத்தில் வந்து, கம்பளியில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். மிலிந்தைப் பார்த்து, "ம், இப்ப ரெண்டாவது தடவை கேளு" என்றார். அவனிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது.

மிலிந்த் கேட்டான். அண்ணனின் தோள் என் தோளில் இடித்துக்கொண்டிருந்தது. "கட்டு" என்றேன். மூன்றாம் முறை கேட்டதும் நான் "கட்டு" என்ற சத்தத்தில் வெளியே ஒரு நாய் குரைத்தது.

விக்கெட் கீப்பர் வளையத்தை வீசினான். நேராகப் போய்க் கொண்டையில் மாட்டியது. அவன் பதறிப்போய் இழுக்க, கொண்டையே கழன்று நூலோடு அவன் கையில் வந்து தொங்கியது. முதலில் சிரித்தது அண்ணன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அபராதம்! அபராதம் எடு மாப்பிள்ளை! கொண்டைக்குத் தனியா!" என்று கத்தினார். மிலிந்தின் அம்மாவுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

நூல் ஒருவழியாகக் கழுத்தில் ஏறியது. ரேவதி, குட்டை முடி கலைந்து நிற்க, பெரியப்பா முன் தலை குனிந்தாள். சால்வை விலகியது. வியர்த்து ஈரமாக இருந்த அந்தக் கை அவள் தலையில் போய் உட்கார்ந்தது. ஒன்று நூறாகட்டும், கொட்டில் நிறையட்டும், போகும் இடமெல்லாம் நல்லதாகட்டும் என்று எங்கள் நீளமான ஆசியை அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். மிலிந்துக்கு இன்னொரு கை. ரேவதியின் தலையிலிருந்து முதல் கையை எடுக்கவில்லை.

மதியம் துப்பதிட்டு ஒன்பது சாப்பிட்டார். மாதிதான் எண்ணினாள். சாயங்காலம் ரேவதி பச்சைப் புடவையில் ஊஞ்சலாடி, பேடாக் கிண்ணத்தைத் திறந்தாள். பிறந்தது பெண். ஜூயி என்று பெயர்.

அந்த வருடக் குளிரில் ஹெத்தைப் பண்டிகைக்கு ஹட்டிக்குப் போனபோது, கைக்குழந்தையோடு அவளை முன் வரிசையில் கூட்டிக்கொண்டு நடந்தது கவுடர்தான். நாலைந்து பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "கன்னியில நான் இருந்தேன், முறை சுத்தமா நடந்துது" என்று அவர்களிடம் போய்ச் சொன்னார். அதற்குமேல் யாரும் பேசவில்லை.

ரயிலேறும் முன்பும் சரி, பிறகு ஊரில் பார்த்தபோதும் சரி, அந்த முதல் கேள்வியைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

7

இந்த ஞாயிற்றுக்கிழமை சாகண் போனோம். நஞ்சனின் மாமனார் லிங்கன் தேஹு ரோட்டில் வேலை செய்கிறார். பேச்சுக்குப் பேர்போன மனிதர். சங்கக் கூட்டத்தில் மைக்கை அவரிடம் கொடுத்தால் திரும்ப வாங்குவது கஷ்டம். என்னை முன்னால் உட்காரவைத்தார்கள். நான் எதுவும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லோருக்கும் முறை தெரிந்திருந்தது.

நஞ்சன் நூலோடு எழுந்து கேட்டான். "மாமா, உங்கள் மகளுக்குக் கன்னி போடட்டுமா?"

லிங்கன் வாயைத் திறக்கவில்லை. கண்ணை நேராக வைத்துக்கொண்டு, கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். கூட்டமும் அமைதியாக இருந்தது. யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. பெண்ணின் அம்மா மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

என் மடியில் இருந்த ஜூயி உரக்கக் கேட்டாள். "தாத்தா, அவரு விசர்லா கா?" மறந்துவிட்டாரா என்று.

பின்னாலிருந்து காலேஜ் பையன் ஒருவன் குனிந்து அவளுக்குச் சொன்னான். "இல்லடா குட்டி. மொதத் தடவை பதில் சொல்லக் கூடாது. நம்ம மலையில ரொம்பப் பழைய வழக்கம்."

மாதி என்னைப் பார்க்கவில்லை. அவள் தோள் மட்டும் குலுங்கியது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனுக்குப் போன் செய்தேன். இப்போது என்னிடம் செல்போன் இருக்கிறது, ஹட்டியிலும் டவர் வந்துவிட்டது. தேயிலை விலை, முழங்கால் வலி, ஜூயியின் பள்ளிக்கூடம் எல்லாம் பேசினோம். லிங்கன் கல் மாதிரி உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். பிறகு, இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டுவிட்டேன்.

"அண்ணா, நிஜமாவே நம்ம அப்பா காலத்துல அப்படி ஒரு வழக்கம் இருந்துதா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. எங்கோ மாட்டு மணி மட்டும் கேட்டது. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"அண்ணா, கேக்குதா? இருந்துதா இல்லையா?"

"இருந்துதுடா" என்றார். "ரெண்டாவது தடவை கேட்டா சொல்லித்தானே ஆகணும்."